கண்டோம்ப்ளே, உம்பாண்டா கோயில்களில் கர்ப்பிணிக்கு என்ன செய்வார்கள், என்ன செய்ய விடமாட்டார்கள்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பிரேசிலில் ஆப்பிரிக்க வேர் கொண்ட மதங்களைப் பின்பற்றும் பெண் கருவுற்றால் அவருக்கென்று என்ன சடங்குகள் உண்டு? வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது சாமி வருமா, வரவிடுவார்களா? மூலிகைக் குளியல் ஆபத்தில்லையா? கோயிலை நம்பி மருத்துவமனையை விட்டுவிடுகிறார்களா?

மாதம் குறித்து, சொந்தபந்தத்தைக் கூட்டி, எல்லாக் கோயிலிலும் ஒரே மாதிரி செய்யும் கர்ப்பச் சடங்கு என்று எதுவும் கிடையாது. இந்த மதங்களில் கர்ப்பகாலப் பராமரிப்பு என்பது பெரும்பாலும், அதுவரை செய்துவந்த கடமைகளை அந்தப் பெண்ணின் தோளிலிருந்து இறக்கிவைப்பதுதான். ஆட்டம் குறையும், இரவு விழிப்பு குறையும், இறந்தோர் சடங்குகள் விலகும், தீட்சை தள்ளிப்போகும். அதற்கு மேல் ஏதாவது தேவை என்றால் கோயில் தலைவி சோழி போட்டுப் பார்த்து, அந்த ஒருத்திக்கு மட்டும் சொல்வார்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம். கண்டோம்ப்ளே 19ஆம் நூற்றாண்டில் பாஹியா மாநிலத்தின் சால்வடார் நகரத்தில் உருவானது. யொருபா, ஃபோன், பாண்டு என்பவை ஆப்பிரிக்க மக்களினங்கள். யொருபா வழி வந்தவர்கள் கேத்து, ஃபோன் வழி வந்தவர்கள் ஜேஜே, பாண்டு வழி வந்தவர்கள் அங்கோலா என்று தங்களுக்குள் 'தேசங்களாக'ப் பிரிந்திருக்கிறார்கள். உம்பாண்டா அதைவிட இளையது. 1908 நவம்பர் 15 அன்று ரியோ மாநிலத்தில் செலியு தெ மொராயிஸ் என்ற இளைஞர் மேல் ஒரு பழங்குடி ஆவி இறங்கிப் பேசிய நாளைத்தான் அதன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அதில் ஒரிஷாக்கள் என்னும் ஆப்பிரிக்கத் தெய்வங்களோடு கத்தோலிக்கப் புனிதர்களும், பழங்குடி ஆவிகளும், ஆவியுலக நம்பிக்கையும் கலந்திருக்கும். மாரன்யோவின் தம்போர் தெ மீனா, ரெசிஃபேயின் ஷாங்கோ, தெற்கே பத்தூக்கே என்று வேறு மரபுகளும் உண்டு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உம்பாண்டா, கண்டோம்ப்ளே என்று பதிவுசெய்தவர்கள் சுமார் 1 சதவீதம். 2010இல் அது 0.3 சதவீதமாக இருந்தது. பொதுவான வேதநூல் கிடையாது, தலைமைப் பீடமும் கிடையாது. தெரெய்ரோ எனப்படும் ஒவ்வொரு கோயிலும் தனி வீடு. அந்த வீட்டின் தலைவியோ தலைவரோ சொல்வதுதான் அங்கே சட்டம். ஆகவே கீழே நான் சொல்லும் எதற்கும் "எங்கள் வீட்டில் அப்படி இல்லையே" என்று ஒருவர் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள், அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

இந்த மதங்களில் கருப்பைக்கு இவ்வளவு கனம் வந்ததற்குப் பின்னால் கொடுமையான ஒரு வரலாறு இருக்கிறது. அடிமை வாணிபத்தில் பிரேசிலுக்கு மட்டும் 48 லட்சம் ஆப்பிரிக்கர்களுக்கு மேல் கொண்டுவரப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களில் வேறெங்கும் இத்தனை பேர் இறக்கப்படவில்லை. அடிமைத் தாயின் வயிற்றில் வளர்வது எசமானின் சொத்து. பெற்றதும் தன் பிள்ளையை விட்டுவிட்டு எசமானியின் பிள்ளைக்குப் பால் கொடுக்க அனுப்பப்பட்ட பெண்கள் ஏராளம். 1871 செப்டம்பர் 28 அன்று வந்த 'சுதந்திரக் கருப்பைச் சட்டம்', இனிப் பிறக்கும் பிள்ளைகள் அடிமைகள் இல்லை என்றது. ஆனால் எட்டு வயதுவரை பிள்ளை தாயின் எசமானிடமே இருக்கும். அதன்பிறகும் அவர் விரும்பினால் 21 வயதுவரை அதன் உழைப்பை எடுத்துக்கொள்ளலாம். சுதந்திரம் என்ற பெயர் மட்டும் கிடைத்தது. அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1888 மே 13இல்தான். பெற்ற குடும்பம் எந்த நாளும் விற்கப்பட்டுச் சிதறலாம் என்ற நிலையில், தெரெய்ரோ இன்னொரு குடும்பத்தைக் கட்டியது. தலைவி 'மாய் தெ சான்டோ', அதாவது சாமி வழித் தாய். தீட்சை பெற்றவள் சாமி வழி மகள். கூடத் தீட்சை பெற்றவர்கள் உடன்பிறப்புகள். ஆகவே ஒருத்தி கருவுற்றால் அந்தச் செய்தி அவளுடைய சொந்த வீட்டோடு நிற்பதில்லை, பிறக்கப்போவது கோயில் வீட்டுக்கும் பேரப்பிள்ளை.

அடுத்தது, வயிற்றுக்குள் யார் யாருக்கு என்ன வேலை என்பது. யொருபா வழிக் கதைகளில் மனித உடலை வனைபவர் ஒஷாலா. காற்று, மரம், கல், நெருப்பு என்று எதெதையோ எடுத்துப் பார்த்தும் உருவம் நிற்கவில்லை. கடைசியில் ஒஷூன், யெமாஞ்சா எல்லோரையும்விட மூத்த பாட்டியான நானா தன் குளத்தின் அடியிலிருந்து சேற்றை அள்ளிக் கொடுத்தாள், அதில் உருவம் நின்றது. கொடுத்ததை அவள் ஒருநாள் திரும்பக் கேட்பாள், அதனால்தான் செத்தவர்கள் மண்ணுக்குப் போகிறார்கள். தலையை மட்டும் செய்வது அஜாலா என்ற தனிக் குயவர். அவர் சூளையில் நன்றாக வெந்ததும் உண்டு, விரிசல் விட்டதும் உண்டு. பிறக்கும் முன் ஒவ்வொருவரும் அங்கே போய்த் தன் தலையைத் தானே தேர்ந்தெடுக்கிறார். மூச்சை ஊதுவது முழுமுதற் கடவுளான ஒலொடுமாரே. இத்தனைக்கும் காவல் நிற்பவள் ஒஷூன்: ஆற்றுக்கும் அருவிக்கும் பொன்னுக்கும் உரியவள், மஞ்சள் மணி அணிபவள், கையில் அபெபே என்ற விசிறிக் கண்ணாடி வைத்திருப்பவள். கருத்தரிப்பதும் கரு நிற்பதும் அவள் பொறுப்பு. பிறந்த குழந்தை பேசத் தொடங்கும்வரை அவள் மடியில்; அப்புறம் வளர்ப்பதும் தலையைக் காப்பதும் கடல்தாய் யெமாஞ்சாவின் வேலை என்பார்கள்.

ஒஷூனைப் பற்றிய ஒரு கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரிஷாக்கள் பூமிக்கு வந்ததும் ஆண் தெய்வங்கள் மட்டும் கூடி உலகத்தை எப்படி நடத்துவது என்று ஆலோசனை செய்தார்கள். பெண்களை உள்ளே விடவில்லை. ஒஷூன் சண்டை போடவில்லை, எல்லாப் பெண்களையும் மலடாக்கிவிட்டாள். ஆண்கள் தொட்ட காரியம் ஒன்றும் துலங்கவில்லை. ஒலொடுமாரேயிடம் ஓடினார்கள். "ஒஷூனைக் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றார்கள். "அவள் இல்லாமல் எதுவும் விளையாது, போய்க் கெஞ்சுங்கள்" என்றார். கெஞ்சிய பிறகுதான் பூமியில் பிள்ளை பிறந்தது. கோயில்களில் கர்ப்பிணிக்குக் கிடைக்கும் மரியாதையின் அடித்தளம் இந்தக் கதைதான் என்பது என் கருத்து. அவரிடம் பாவமோ தீட்டோ இருப்பதாக நினைத்து ஒதுக்குவதில்லை. ஒஷூனின் வேலை அவருக்குள் நடந்துகொண்டிருக்கிறது, அதில் யாரும் குறுக்கிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனிப் பலரும் முதலில் கேட்பது: சாமி வருமா?

கண்டோம்ப்ளேயில் தீட்சை பெற்றவர் மேல் அவருடைய ஒரிஷா இறங்கும். பறை முழக்கத்தோடு மணிக்கணக்கில் ஆட்டம், கனமான உடை, தலையில் கிரீடம், இரவு முழுக்க விழிப்பு. தன் தெய்வம் தன் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது என்பது நம்பிக்கை. அதனால் கர்ப்பிணி மேல் சாமி வந்தால் யாரும் பதறுவதில்லை. ஆனால் வரவழைப்பதும் இல்லை. வயிறு வளர வளரப் பல வீடுகளில் அவரை ஆட்டவட்டத்தில் சேர்க்காமல், ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். மீறி வந்துவிட்டால், சாமி வராதவர்களாகவே தேர்ந்தெடுக்கப்பட்டு, சாமி வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் எகெஜி என்ற பெண்கள் விரைந்து போய், மரியாதையோடு தெய்வத்தை அனுப்பிவைத்து, அவரைத் தன் நினைவுக்குக் கொண்டுவருவார்கள். எகெஜியின் வேலை வெளியே தெரியாது. விழாவில் எல்லோர் கண்ணும் ஆடுகிறவர் மேல் இருக்கும், எகெஜியின் கண் மட்டும் ஆடுகிறவரின் கால் தரையில் எப்படிப் படுகிறது என்பதில் இருக்கும்.

உம்பாண்டாவில் இன்னும் கண்டிப்பு. அங்கே இறங்குபவை பெரும்பாலும் ஆவிகள்: அடிமைக் காலத்துக் கிழவன் கிழவிகள், பழங்குடி வேடர்கள், குழந்தைகள், தெருமுனைக்குரிய எஷூக்கள். கர்ப்பம் தெரிந்ததும், அல்லது மூன்று நான்கு மாதத்தில், ஆவி இறக்குவதை நிறுத்தச் சொல்லும் கோயில்கள் பல. அதுவரை தானே ஆவி இறக்கியவர், இப்போது மற்றவர் மேல் இறங்கிய ஆவிக்கு மெழுகுவர்த்தியும் தண்ணீரும் எடுத்துக்கொடுக்கும் உதவியாளராக மாறுவார். கெட்டதைக் கழிக்கும் கனமான கூட்டங்களுக்கு வரவே வேண்டாம் என்பார்கள். "கெட்ட சக்தி பிள்ளையைத் தொற்றும்" என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். எனக்கு இன்னும் நேரடியான ஒரு காரணமும் தோன்றுகிறது. கிழவர் ஆவிக்குக் குழாய்ப் புகையிலை, வேடர் ஆவிக்குச் சுருட்டு, எஷூவுக்குக் கஷாசா என்னும் கரும்புச் சாராயம். கேட்பது ஆவிதான் என்றாலும் புகையும் சாராயமும் போவது கர்ப்பிணியின் உடம்புக்குள். "என் நினைவில் நான் குடிக்கவில்லை" என்பதைக் கரு ஏற்றுக்கொள்ளாது. நல்ல கோயில்கள் இதை அறிந்தே வைத்திருக்கின்றன.

அதே உம்பாண்டாவில் கர்ப்பிணிகள் விரும்பித் தேடிப்போவதும் ஒன்று உண்டு: கிழவி ஆவிகளின் ஆசி. முதுகு வளைந்து, தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, அருவதா இலைக் கொத்தால் வயிற்றைத் தொடாமல் மேலே தடவி, முணுமுணுப்பாக ஜெபம் சொல்லி அனுப்புவார்கள். அடிமைக் காலத்தில் எத்தனையோ பிரசவம் பார்த்த மருத்துவச்சிப் பாட்டிகளாகத்தான் இந்த ஆவிகளை மக்கள் நினைக்கிறார்கள். மே 13, அடிமை ஒழிப்பு நாள், அவர்களுடைய திருநாள்.

தீட்சை விஷயத்தில் கண்டோம்ப்ளேக்கு ஒரு தனி வழக்கம். தீட்சை என்றால் பல கோயில்களில் சுமார் 21 நாள் அடைத்த அறையில் இருக்க வேண்டும், தலை மழிப்பார்கள், தோலில் சிறு கீறல்கள் போடுவார்கள், உணவுக் கட்டுப்பாடும் உண்டு. கர்ப்பிணியை இதற்கு உட்படுத்துவதில்லை, பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். ஆனால் தனக்கே தெரியாமல் கருவோடு ஒருத்தி உள்ளே போய்விடுவதும் நடக்கும். அப்படித் தாயின் வயிற்றில் இருந்தபடியே தீட்சையை வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு அபியஷே என்று பெயர். அஷே என்ற அருளோடு பிறந்தது என்று பொருள். பிற்காலத்தில் அந்தப் பிள்ளைக்கு முழுத் தீட்சை வேண்டியதில்லை, மிச்சம் சில சடங்குகள் போதும் என்று பல வீடுகள் சொல்லும். கருவில் இருப்பதையும் வீட்டின் உறுப்பினராகவே இந்த மதம் எண்ணுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

விலக்குகளில் கண்டிப்பானது மரணம் சம்பந்தப்பட்டது. மூத்தவர் இறந்தால் அஷெஷே என்ற சடங்கு பல நாள் நடக்கும். கர்ப்பிணி அதற்குப் போகக் கூடாது, அவர் எவ்வளவு நெருங்கிய மகளாக இருந்தாலும். முன்னோர் ஆவிகள் அண்டாமலிருக்க ஓலை நாரில் பின்னிய கயிற்றை இரு புஜத்திலும் கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு, கோன்ட்ரா-எகும் என்பார்கள். சில வீடுகள் இடுப்பிலும் ஒன்று கட்டும். மருத்துவமனை பற்றிப் பேசும்போது இந்தக் கயிறு திரும்ப வரும்.

இவையெல்லாம் விலக்கு. செய்வது என்ன என்றால், சோழியில் தொடங்கும். 16 சோழிகளை உருட்டி, எத்தனை வாய் மேலே பார்த்து விழுகிறது என்று எண்ணி, அதற்குரிய கதையைப் படித்து, தாயின் தலை என்ன கேட்கிறது என்று தலைவி சொல்வார். பதில் பலமுறை மிக எளிமையாக இருக்கும்: வெள்ளை உடுத்து, வெள்ளிக்கிழமை ஒஷாலாவுக்காக எண்ணெய் காரம் தவிர், சண்டை நடக்கும் இடத்தில் நிற்காதே. சிலருக்கு போரி, அதாவது தலைக்கு ஊட்டும் சடங்கு, சொல்லப்படும். பாயில் படுக்க வைத்து, தலைக்குக் குளிர்ந்த நீரும் கோலாக் கொட்டையும் வெள்ளைச் சோளக் கஞ்சியும் காட்டி, துணி கட்டி ஓய்வெடுக்கச் சொல்வார்கள். கர்ப்பிணிக்கு இதைச் சிறிய அளவில் முடிப்பதும் உண்டு. அதற்கடுத்த சில நாள் மது, உடலுறவு, வெயில் எல்லாம் விலக்கு.

ஒஷூனுக்குப் படையல் ஒமொலோகும். கருப்புக் கண் போட்ட காராமணியை வேகவைத்து, வெங்காயமும் உலர்ந்த இறாலும் தெந்தே என்ற செம்பனை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, மேலே அவித்த முட்டைகளை நட்டுவைப்பார்கள். முட்டை இங்கே கரு. பிள்ளை வேண்டுபவரும், பிள்ளை நிலைக்க வேண்டுபவரும் இதைச் சமைத்துக் கொடுத்து ஆற்றங்கரையிலோ அருவியடியிலோ வேண்டிக்கொள்வார்கள். சத்துள்ள சாப்பாடு, படைத்த பிறகு வீட்டாரும் சாப்பிடலாம், கர்ப்பிணிக்கும் நல்லதுதான்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. எந்த ஊரிலும் போல அங்கேயும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. "கழிப்பு செய்யாவிட்டால் பிள்ளை நிற்காது, இவ்வளவு பணம் கொண்டுவா" என்று பயமுறுத்துபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. பெயர் பெற்ற கோயில்களில் சடங்குக்குச் செலவு உண்டு, ஆனால் அச்சத்தை விற்பதில்லை.

இனி இலைகள். "இலை இல்லையேல் ஒரிஷா இல்லை" என்பது யொருபா மொழியில் எல்லாக் கோயிலிலும் சொல்லப்படும் பழமொழி. இலைகளின் தெய்வம் ஒசைன். கண்டோம்ப்ளேயில் இலைகளைச் சூடானவை, குளிர்ந்தவை என்று பிரிப்பார்கள். சூடானவை கிளர்ச்சி தரும், போருக்குரியவை. குளிர்ந்தவை அமைதி தரும். கர்ப்பிணிக்குக் குளிர்ந்த இலை மட்டும் என்பது பொதுவிதி. திருநீற்றுப்பச்சை இனத்து மஞ்செரிகாவ், வாசனை மிகுந்த கொலோனியா, சதைப்பற்றான இலை கொண்ட ரணகள்ளி வகைகள் ஆகியவற்றைக் குளிர்ந்த நீரில் கசக்கி, கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொள்வார்கள். தலையில் எதை ஊற்றலாம் என்பதைத் தலைவி மட்டுமே முடிவுசெய்வார்.

தோலில் ஊற்றும் இந்த வகைக் குளியலால் பெரிய ஆபத்து இல்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். ஆபத்து எங்கே வருகிறது என்றால், குளிக்கச் சொன்னதைக் குடிப்பதில். முதலாவது, அருவதா. நம் ஊரில் சதாப்பு இலை என்றும் சொல்வார்கள், அதே செடிதான். காதில் செருகினால் கண்ணேறு படாது என்பது பிரேசில் முழுக்க நம்பிக்கை. ஆனால் கஷாயமாக உள்ளே போனால் கருப்பையைச் சுருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரியோவில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் தெப்ரே, கறுப்பினப் பெண்கள் தெருவில் இந்த இலை விற்பதை வரைந்ததோடு, கருவைக் கலைக்க இது குடிக்கப்படுகிறது என்ற பேச்சையும் எழுதிவைத்திருக்கிறார். தன் வயிற்றுப் பிள்ளையை எசமானின் கணக்குப் புத்தகத்தில் சேர்க்க விரும்பாத பெண்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதை யோசித்தால் அந்தத் தகவலின் கனம் தெரியும். இரண்டாவது, கினே என்ற பூண்டு வாசனைச் செடி. கெட்டதைக் கழிக்கப் பயன்படும் சூடான இலை, கருவுக்கு ஆகாது. மூன்றாவது, வேலியில் படரும் பாகல் இனத்தின் இலைக் கஷாயம். சமையலில் போடும் காயை நான் சொல்லவில்லை. நான்காவது பலரையும் ஏமாற்றும்: ஒஷாலாவின் கம்பளம் என்று அழைக்கப்படும் பஞ்சு போன்ற இலை. குளிர்ந்தது, வெள்ளைத் தெய்வத்துக்குரியது, தலைக்கு ஊற்றுவது. அதனால் குடித்தாலும் நல்லதுதான் என்று நினைத்துவிடுவார்கள். பிரேசில் வீடுகளில் 'போல்டோ' என்ற பெயரில் வயிற்று மந்தத்துக்கு இதைக் குடிக்கும் பழக்கமும் பரவலாக உண்டு. எலிகளில் செய்த ஆய்வில் கரு ஒட்டுவதையே இது கெடுத்தது. அந்நாட்டு மூலிகை வழிகாட்டிகள் கர்ப்பிணிகளுக்கு இதை விலக்குகின்றன. சேலம் பக்கம் மருந்துக் கம்பெனிகளுக்காகப் பயிராகும் மருந்துக் கூர்க்கன் இதே செடிதான். ஆக, குளிர்ச்சி சூடு என்ற கோயில் கணக்கும் கருவுக்கான பாதுகாப்புக் கணக்கும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எந்த இலையானாலும் வாய்வழி போகும் முன் மகப்பேறு மருத்துவரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும்.

உணவு விலக்குகள் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வொருவருக்கும் தன் ஒரிஷாவைப் பொறுத்துச் சில பொருள்கள் ஆகாது. வேட்டைத் தெய்வமான ஒஷோசியின் பிள்ளைகளுக்குத் தேன், ஒஷாலாவின் பிள்ளைகளுக்குத் தெந்தே எண்ணெய், இப்படி. இவற்றால் கர்ப்பிணிக்குச் சத்துக்குறைவு வருவது அரிது. சத்துணவு ஆலோசகர் பட்டியல் எழுதும்போது கேட்டுக்கொண்டால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானித்துப் பேச வேண்டும்: அபிகு. பிறந்து பிறந்து இறப்பதற்கென்றே வரும் பிள்ளை என்று யொருபா மரபு இவர்களைச் சொல்லும். மறு உலகில் இவர்களுக்குத் தோழர்கள் இருக்கிறார்கள், குறித்த நாளில் திரும்பி வந்துவிடுவதாக அவர்களிடம் சத்தியம் செய்துவிட்டுத் தாயின் வயிற்றுக்குள் நுழைகிறார்கள். அடுத்தடுத்துக் குழந்தையை இழந்த தாய்க்குச் சோழியில் அபிகு என்று வந்தால், கர்ப்பத்திலேயே படையல் கொடுத்து, அந்தத் தோழர்களைச் சமாதானப்படுத்தி, பிள்ளையை இங்கே தங்கவைக்கப் பார்ப்பார்கள். யொருபா நாட்டில் காலில் சின்ன மணிகள் கட்டுவார்கள், அந்தச் சத்தத்தில் தோழர்கள் நெருங்கமாட்டார்கள் என்று. இந்தக் கதைக்குப் பின்னால், இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் அணு இரத்தசோகை இருந்திருக்கும் என்று மருத்துவர்கள் நெடுநாளாகவே சொல்லிவருகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அதே பரம்பரையில்தான் அந்த மரபணுவும் வந்தது. பாஹியாவில் சுமார் 650 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை இந்நோயோடு பிறக்கிறது. பிரேசிலிலேயே அதிகமான விகிதம் அது. 2001 முதல், பிறந்த குழந்தையின் குதிகாலில் இரத்தத்துளி எடுத்துச் செய்யும் நாடுதழுவிய பரிசோதனையில் இதுவும் சேர்ந்தது. கோயிலில் அபிகு என்று சொல்லப்பட்ட தாய் கட்டாயம் தானும் கணவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படையலும் கொடுக்கட்டும், இரண்டும் ஒன்றுக்கொன்று தடையில்லை.

பிரசவத்துக்குப் பின் ரெஸ்குவார்டோ என்ற ஓய்வுக்காலம். பிரேசிலில் எல்லா மதத்தாரிடமும் 40 நாள் வழக்கம் உண்டு, கோழி ரசமும் மரவள்ளிமாவுக் கூழும் அதன் சாப்பாடு. தெரெய்ரோ மகள்களுக்கு இதோடு இரத்தப்போக்கு நிற்கும்வரை தெய்வ அறைக்குள் போகாமை, சடங்குப் பொருளைத் தொடாமை சேர்ந்துகொள்ளும். மாதவிடாயிலும் இதேதான், உடல் 'திறந்திருக்கிறது' என்பார்கள். இதைப் பெண்ணியக் கோணத்தில் விமரிசிப்பவர்கள் அந்தக் கோயில்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் பச்சை உடம்புக்காரியை வேலை வாங்காமல் இருக்க இது உதவுகிறது என்பதையும் மறுக்க முடியாது. சில குடும்பங்கள் தொப்புள்கொடியை ஒரு மரத்தடியில் புதைக்கும். உம்பாண்டாவில் ஞானஸ்நானம் உண்டு, ஞானத்தாய் தந்தையரோடு ஓர் ஆவியும் காவலாக நிற்கும்.

வேண்டுதலோடு பிறந்த பிள்ளைக்கான நன்றிக்கடன்களில் பெயர்பெற்றது பாஹியாவின் கருரு. செப்டம்பர் 27, புனிதர்கள் கோஸ்மே, தமியாவ் நாள். இவர்களே இரட்டைக் குழந்தைத் தெய்வமான இபேஜி. வெண்டைக்காயைப் பொடியாக அரிந்து தெந்தே எண்ணெயில் இறாலோடு குழைத்து, கூடவே காராமணி, கோழிக்கறி, பொரி, கரும்பு எல்லாம் வைத்து, தரையில் பெரிய தாம்பாளத்தைச் சுற்றி ஏழு குழந்தைகளை உட்கார வைப்பார்கள். அவர்கள் கையால் எடுத்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பெரியவர்களுக்குப் பந்தி. இரட்டைப் பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஆண்டுதோறும் இதைச் செய்வார்கள். செப்டம்பர் முழுக்க சால்வடாரில் யார் வீட்டில் கருரு என்று விசாரித்துக்கொண்டு திரியும் பிள்ளைகளைப் பார்க்கலாம்.

கடைசிக் கேள்வி, மருத்துவமனை. இந்த மதங்களில் அறுவைசிகிச்சையையோ இரத்தம் ஏற்றுவதையோ தடுக்கும் விதி எதுவும் கிடையாது. சால்வடாரின் புகழ்பெற்ற ஒப்போ அஃபொன்ஜா கோயிலை 1976 முதல் தலைமையேற்று நடத்திய மாய் ஸ்டெல்லா (1925–2018) தொழில்முறையில் பொதுச் சுகாதாரச் செவிலியர். 2003இல் சாவ் லூயிஸ் நகரத்தில் உருவான ஆப்ரோ-பிரேசிலிய மதங்கள் மற்றும் உடல்நல வலையமைப்பு, கோயில்களையே சுகாதாரப் பேச்சுக்கான இடமாக்கியது. கர்ப்பகாலப் பரிசோதனைக்குப் போகாத பெண்ணைத் திட்டி அனுப்புவது பல இடங்களில் சாமி வழித் தாய்தான்.

தயக்கம் வருவது எதிர்ப்பக்கத்திலிருந்து. 1890 குற்றவியல் சட்டம் மந்திரம், நாட்டு வைத்தியம் இரண்டையும் குற்றமாக்கியது. பாஹியாவில் 1976வரை விழா நடத்தக் காவல்துறையில் பதிவு வேண்டியிருந்தது. இன்றும் பிரசவ அறையில் மணிமாலையைப் பார்த்து முகம் சுளிக்கும் ஊழியர்கள் உண்டு, அதனால் மதத்தை மறைத்துவிட்டு, கூடவே குடித்த கஷாயத்தையும் மறைத்துவிடும் பெண்களும் உண்டு. இந்த மறைப்புதான் உயிருக்கு ஆபத்து.

சட்டம் இப்போது தாயின் பக்கம் இருக்கிறது. 2000இல் வந்த 9982ஆம் எண் சட்டப்படி எந்த மதத்தின் பொறுப்பாளரும் அரசு, தனியார் மருத்துவமனைகளில் நோயாளியைப் பார்க்கலாம். 2005இல் வந்த 11108ஆம் எண் சட்டம் பிரசவத்தின்போது தான் விரும்பும் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தந்தது; அந்த ஒருவர் கணவராகவும் இருக்கலாம், சாமி வழித் தாயாகவும் இருக்கலாம். இதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது, வலி வந்தபிறகு வாசலில் நின்று விவாதிக்க முடியாது. புஜத்துக் கயிறு இரத்த அழுத்தப் பட்டைக்கும் ஊசிக்கும் இடைஞ்சலாகும். வெட்டி எறிய விடாமல், அவிழ்த்துத் துணியில் சுற்றித் தலையணைக்கடியில் வைக்கலாமா என்று கோயிலிலும் மருத்துவமனையிலும் எட்டாம் மாதத்திலேயே கேட்டுவைக்க வேண்டும்.

பிரேசிலில் கறுப்பினத் தாய்மார்கள் பிரசவத்தில் இறக்கும் விகிதம் வெள்ளையினத்தவரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. 2002இல் ரியோ மாநிலத்தில் ஆறு மாதக் கர்ப்பிணியான அலீனி பிமென்டெல் உரிய சிகிச்சை கிடைக்காமல் இறந்தார். 2011இல் ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு அதற்குப் பிரேசில் அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2024இல் அரசு தன் தாய்சேய் நலத் திட்டத்துக்கு அவருடைய பெயரையே வைத்தது. அவருடைய மதம் எதுவாக இருந்தாலும், தெரெய்ரோக்களுக்குப் போகும் பெண்களில் பெரும்பகுதியினர் அவர் வாழ்ந்த மாதிரிப் புறநகர்களில் வாழ்பவர்கள். அவர்களைப் பொறுத்தவரை நல்ல மருத்துவமனைக்கு நேரத்தில் போய்ச் சேர்வதுதான் சிக்கல். கோயிலா மருத்துவமனையா என்று தேர்ந்தெடுக்கும் நிலையே பலருக்கு வருவதில்லை.